உரிய காலத்து உற்பத்தியும் களஞ்சியமும்

வேண்டிய பொருளை வேண்டிய பொழுதில் வேண்டிய அளவிற் செய்தல் என்பது யப்பானிய டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி நெறி. அதனை வகுத்த தாயீச்சி ஓனோ 1978 இல் வெளியிட்ட நூல், மிகையாகச் செய்தலையே விரயங்களுட் கொடியதென்கின்றது. அஃது உண்மையே. களஞ்சியத்தில் உறங்குஞ் சரக்கு முடங்கிய முதல்; ஆலையின் பிழைகளை மறைக்குந் திரையுமாம். இருப்புக் குறையின் பிழை விரைந்து வெளிப்படும், செலவு சுருங்கும், ஊதியம் பெருகும்.

ஆயினும் அந்நூல் எழுந்த களம், உறுப்பாலைகள் அணித்தே சூழ்ந்த நகரம் என்பதை மறத்தலாகாது. ஆங்கும், 1997 பெப்ரவரி 1 ஆம் நாள் ஐசின் ஆலையில் மூண்ட தீயால் தடுப்புக் கருவியின் சிற்றுறுப்பொன்று கிடையாமற் போகவே, டொயோட்டாவின் உள்நாட்டு ஆலைகள் சில நாள் நின்றன. அயல் நிறுவனங்கள் அவ்வுறுப்பை ஒல்லையிற் செய்துதவியமையால் அவை மீண்டன. 2011 நிலநடுக்கத்தின் பின், விரைந்து பெறலாகாத மின்னணுச் சில்லுகளைச் சேமித்து வைக்குமாறு டொயோட்டாவே உறுப்பு வழங்குவோரைப் பணித்தது.

ஈண்டுப் பெறப்படுவது யாது? மீளப் பெறுதற்குச் செல்லுங் காலமே இருப்பின் அளவுகோல். பருவக்காற்றை நம்பிப் பாய்க்கப்பல் ஓட்டிய வல்வெட்டித்துறையார் இதனை நன்கறிந்திருந்தனர். துணியின் பெரும்பகுதியைக் கடல்கடந்து பெறும் இலங்கை ஆடையாலைகள் ஓனோவின் நெறியைக் கொள்க. இருப்பின் அளவைத் தத்தம் வழித்தூரம் நோக்கித் தாமே வகுத்துக்கொள்க.