அரைப் பேர்

குருவிட்ட நகரிலிருந்து சிறிது தூரத்தில் போபத் எல்ல என்னும் நீர்வீழ்ச்சி உண்டு. அரசிலையின் வடிவில் விரிந்து விழுவதால் அதற்கு அப்பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில், கொழும்பிலிருந்து வரும் உல்லாசப் பயணிகளோடு, சுற்றிலுமுள்ள றப்பர், தேயிலைத் தோட்டங்களின் இளைஞர்களும் பெண்களும் அங்கு கூடுகின்றனர். அண்மையில் நாம் அங்கு சென்றிருந்தபோது, மூன்று பெண்கள் ஒரே கைபேசியைக் கைமாற்றி ஒருவரையொருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். ஒரே சால்வை மூவர் தோளிலும் மாறி மாறி ஏறியது. எடுத்த படங்களுள் ஒன்றைத் தேர்ந்து, முகத்தின் நிறத்தைச் சற்று வெளுப்பாக்கி, இன்ஸ்டகிராமில் ஏற்றினர். நாம் கேட்டபோது வெட்கத்தோடு காட்டினர். படத்தின் மேலே இருந்தது அப்பெண்ணின் பெயரில் ஒரு பாதி. ஊர் என்று குறித்திருந்தது இரத்தினபுரி. தோட்டத்தின் பெயர் இல்லை. அவர்களது முந்திய படங்களையும் புரட்டிப் பார்த்தோம். அருவி, கோவில் திருவிழா, நகரத்துக் கடை, யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிள் எல்லாம் இருந்தன. லயன் அறை மட்டும் ஒன்றிலும் இல்லை.

இக்காட்சியைக் கண்டதும் பெருமூச்சு விடுவோர் நம்மிடையே ஏராளம். பிள்ளைகள் கெட்டுப்போயினர், பண்பாடு சீரழிந்தது, படிப்பு பாழாயிற்று என்பது அவர்களது முடிவு. இத்தகைய புலம்பலை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு கருவியைச் சமூக வரலாற்றினின்றும் பிரித்து, அதைக் கையிலேந்திய சிறுமியின் ஒழுக்கத்தை விசாரணை செய்வது விமர்சனம் ஆகாது. அப்படத்தில் லயன் அறை ஏன் இல்லை, பெயர் ஏன் பாதியாயிற்று என்பனவே நாம் கேட்கவேண்டிய கேள்விகள். இவற்றுக்கு விடை காண, மலையகத்தவரின் கைக்குக் கமரா வந்த கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

நெடுங்காலம் கமரா இருந்தது பிறர் கையில். ஆங்கிலப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரெனப் போற்றப்படும் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875 இல் இலங்கைக்கு வந்தார். அவருடைய கணவர் இங்கு தோட்டங்களுக்கு உரிமையாளர். 1879 இல் இறக்கும்வரை அம்மையார் இங்கு எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவே. அவற்றில் தோட்டத் தொழிலாளர் நிற்கின்றனர். அந்த முகங்களின் துயரையும் கம்பீரத்தையும் கலையுணர்வுடையோர் இன்றும் வியக்கின்றனர். அதே காலத்தில் களுத்துறையில் தம் விருந்தாளியாக வந்து தங்கிய ஓவியர் மேரியன் நோர்த்தையும் அம்மையார் படமெடுத்தார். விருந்தாளியின் பெயர் படத்தோடு நிலைத்துவிட்டது. தொழிலாளரோ 'தோட்டத் தொழிலாளர்', 'குடியானவர்' என்ற பொதுப் பெயர்களுக்குள் கரைந்துபோயினர்.

பின்னர் இது வியாபாரமாயிற்று. 1890 இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே போன்ற நிறுவனங்கள் இலங்கைக் காட்சிகளைத் தபால் அட்டைகளாக அச்சிட்டு விற்றன. கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் கப்பலேறி உலகமெங்கும் சென்றது. தேயிலைப் பெட்டியின் மீதும், விளம்பரச் சுவரொட்டியின் மீதும் அவள் சிரித்தாள். 'தமிழ்க் கூலிப் பெண்' என்ற தலைப்புக்கு மேல் அவளுக்கு ஒரு பெயர் வேண்டுமென்று அச்சகத்தார் எவருக்கும் தோன்றவில்லை.

அவளது பெயரைக் கேட்டுப் பதிந்த படமும் ஒன்று உண்டு. அதைக் கோரியது அரசு. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவைத்தது. கடவுச்சீட்டுக்காகத் தோட்டத்துக் குடும்பங்கள் நகரத்து ஸ்டூடியோக்களின் படியேறின. வாழ்நாளில் முதன்முறையாகத் தம் முகத்தைப் படத்தில் கண்டோர் பலர், நாடு கடத்தப்படும் பொருட்டே அதைக் கண்டனர். சப்ரகமுவத் தோட்டங்களில் தங்கிவிட்டோரையும் 1977 இலும் 1981 ஆகஸ்டிலும் இனவெறித் தீ துரத்தியது. இரத்தினபுரி மாவட்டத்தின் லயன்கள் எரிந்தபோது பீரோக்களும் பெட்டிகளும் எரிந்தன. அவற்றுள் இருந்த குடும்பப் படங்களுக்குக் கணக்கு இல்லை.

கம்பனியும் அரசும் எடுத்த படங்களையே பெற்று வந்த இம்மக்களின் பேத்தி, இன்று தன் படத்தைத் தானே எடுக்கிறாள். எங்கு நிற்பது, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பவற்றைத் தானே தீர்மானிக்கிறாள். இதன் வரலாற்று முக்கியத்துவத்தை உணராது ஏளனம் செய்வோர் உண்மையில் பழைய துரையின் கண்ணோடுதான் அவளைப் பார்க்கின்றனர்.

ஆயினும் கமரா அவள் கைக்கு வந்துவிட்டதனால் படம் அவளுடையதாகிவிட்டதா? இங்குதான் இன்ஸ்டகிராம் என்னும் நிறுவனத்தின் இயல்பை ஆராயவேண்டியுள்ளது.

2010 அக்டோபர் 6 ஆம் தேதி, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், கெவின் சிஸ்ட்ரம், மைக் கிரீகர் என்னும் இரு இளைஞர்கள் இதனைத் தொடங்கினர். இரண்டே மாதங்களில் பத்து லட்சம் பேர் சேர்ந்தனர். 2012 ஏப்ரலில், பதின்மூன்று ஊழியர்களே இருந்த இச்சிறு நிறுவனத்தை நூறு கோடி டொலர் விலைக்கு வாங்குவதாக பேஸ்புக் அறிவித்தது. அந்தப் பெருந்தொகை எதற்காக? அப்போது அதற்கு வருமானமே இல்லை. அங்கு தினந்தோறும் தம் படங்களைக் கொண்டுவந்து இலவசமாகக் கொட்டிய ஏறக்குறைய மூன்று கோடி மக்களுக்காகவே அவ்விலை கொடுக்கப்பட்டது. 2013 இல் விளம்பரங்கள் நுழைந்தன. 2016 இல், படங்களை அவை வந்த கால வரிசையில் காட்டும் முறை கைவிடப்பட்டு, எவர் படம் எவர் கண்ணில் படவேண்டும் என்பதைக் கணிப்பொறியே தீர்மானிக்கும் முறை வந்தது. 2020 இல் ரீல்ஸ் என்னும் குறும்படங்கள் சேர்ந்தன. 2018 இல் நூறு கோடியாக இருந்த பயனர் தொகை 2025 இல் முந்நூறு கோடியை எட்டியதாக நிறுவனமே அறிவித்தது. இதன் தாய் நிறுவனமான மெட்டாவின் 2024 ஆம் ஆண்டு வருமானம் 16,400 கோடி டொலருக்கும் மேல். அதில் மிகப் பெரும் பகுதி விளம்பரத்திலிருந்து வந்தது.

இதன் பொருளாதாரத்தை விளக்கத் தோட்டத்து வழக்கிலுள்ள ஒரு சொல்லே நமக்குப் போதும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாட்கூலிப் பதிவு. மடுவத்தில் கொழுந்தை நிறுக்கும்போது குறித்த நிறை இருந்தால் செக்ரோலில் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். வெயிலிலும் அட்டைக்கடியிலும் நின்ற நேரம் அதேதான். தராசின் முள் மட்டுமே பேச்சு. அம்முள்ளை வைத்திருப்பவனே நிறையையும் தீர்மானிக்கிறான். மனிதரின் பெயரும் அவரது கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட இவ்வழக்கில் ஒரு நூற்றாண்டின் சுரண்டல் அடங்கியிருக்கிறது.

இன்ஸ்டகிராமும் ஒரு மடுவமே. அங்கு தராசின் முள் 'லைக்' எனப்படும் விருப்பக்குறி. அம்மா மலையில் நிறுவைக்கு நிற்கும் அதே பொழுதில், மகள் லயன் வாசலில் கைபேசியோடு தன் நிறுவைக்குக் காத்திருக்கிறாள். வெளுத்த முகத்துக்கு நிறை கூடுகிறது; கறுத்த முகத்துக்குக் குறைகிறது. அருவிக்கு நிறை உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு இல்லை. இவ்வனுபவத்தை ஒரு மாதம் பெற்றவள், எதைக் காட்டவேண்டும் என்பதை எவரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறாள். லயன் அறை படத்திலிருந்து மறைந்ததும், பெயர் பாதியானதும் இவ்வாறுதான். தாய்க்கு அரைப் பேராவது காசாகக் கிடைக்கிறது. மகளோ, தாயின் கூலியில் ரீலோட் போட்டு, தன் படத்தையும் நேரத்தையும் கொடுத்து, ஒரு சதமும் பெறாமல் முந்நூறு கோடிப் பேரில் ஒருத்தியாய் விளம்பரக்காரனுக்கு விற்கப்படுகிறாள்.

இதனால் விளையும் உளத்துன்பம் கற்பனையன்று. பதின்மவயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு, தம் உடலைப்பற்றிய தாழ்வுணர்ச்சியை இன்ஸ்டகிராம் மேலும் மோசமாக்குகிறது என்று அந்நிறுவனத்தின் உள்ளாராய்ச்சியே கண்டிருந்தது. 2021 இல், பேஸ்புக்கின் முன்னாள் ஊழியரான பிரான்சஸ் ஹோகன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களால் இதை உலகம் அறிந்தது. அறிந்துகொண்டே தராசை மாற்றாதிருந்தனர் என்பதை நாம் கவனிக்கவேண்டும். ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் பதினாறு வயதுக்குட்பட்டோர் இத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. அரசுகள் தலையிடவே முடியாது என்ற வாதம் இதோடு அடிபட்டுப்போயிற்று.

ஆனால் தடையே தீர்வு என்று கொள்வதற்கும் நாம் தயங்குகிறோம். நமது நாட்டில் தடை எதற்குப் பயன்பட்டது என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2022 ஏப்ரல் 3 ஆம் தேதி, மக்கள் எழுச்சிக்கு அஞ்சிய அரசு இத்தளங்களை முடக்கியது. அதற்கு முன், 2018 அக்டோபரில், 1,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்புடையில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். பெரிய தொழிற்சங்கத் தலைவர்களின் அழைப்பை எதிர்பாராமல், கைபேசி வழியாகவே அவர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டனர். 1,000 ரூபாய் நாட்கூலி 2021 இல்தான் வர்த்தமானியில் ஏறியது. 2023 இல், மலையக மக்கள் இம்மண்ணுக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த நெடும்பயணத்தின் படங்களும் இவ்வாறே பரவின. அப்படங்களில் லயன் இருந்தது, பெயர் இருந்தது, கோரிக்கை இருந்தது. கம்பனியின் தயவால் அவை பரவவில்லை. பார்ப்பவர்களும் காட்டுபவர்களும் ஒரு நோக்கத்துக்காக ஒன்றுசேர்ந்தபோது, தராசின் முள்ளையும் மீறி அவை நிறைகொண்டன.

இங்கு நம்மையும் நாம் விமர்சித்துக்கொள்ள வேண்டும். முற்போக்கு எழுத்தாளராகிய நாம் மலையகத்தைப்பற்றி நூல் வெளியிடும்போது அட்டையில் எதைப் போடுகிறோம்? கூடை சுமந்த ஒரு பெண்ணை. மேதின மலரில், கருத்தரங்கு அழைப்பிதழில், துண்டுப் பிரசுரத்தில் அதே பெண். படமெடுத்தவர் பெயர் சில வேளை இருக்கும். அவள் பெயர் இருக்காது. பிளாட்டேயின் தபால் அட்டைக்கும் நமது அட்டைப்படத்துக்கும் இவ்விஷயத்தில் என்ன வேறுபாடு? அவன் தேயிலை விற்றான். நாம் அனுதாபம் விற்கிறோம். போபத் எல்லவில் நின்ற பெண் இத்தனை கூடைகளையும் கண்டு சலித்துத்தான், கூடையில்லாத ஒரு படத்தைத் தேடி அருவிக்குப் போனாள் என்றால் அவளை நாம் குறைகூற முடியுமா? தன்னை அழகாகக் காணும் உரிமை அவளுக்கும் உண்டு. அவ்வழகைப் பெறத் தன் வீட்டை மறைக்கவேண்டியிருப்பதே கொடுமை.

ஆசிரியர்களும் மாணவர்களுமான நம் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறோம். சப்ரகமுவத் தோட்டங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடசாலைகளே குறைவு; பலர் சிங்கள மொழியில் கற்கின்றனர். எந்த மொழியில் கற்பித்தாலும், கைபேசியைப் பறித்து மேசை அறையில் பூட்டுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. ஒரு நாள், ஒரு பாடவேளை, வீட்டில் எஞ்சியிருக்கும் பழைய படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடவுச்சீட்டுப் படமாயினும் சரி. அதில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பாட்டியிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு அவர்களே எடுத்த புதிய படத்தின் கீழும் அவ்வாறே எழுதச் சொல்லுங்கள். இதனால் ஒரு நிறுவனத்தின் தராசு உடைந்துவிடாது. தராசை உடைக்கும் வேலை சட்டத்தாலும், சம்பளத்தாலும், காணியுரிமையாலும், ஒழுங்கான வீட்டாலும், அவற்றுக்கான போராட்டத்தாலுமே ஆகவேண்டும். ஆனால் அப்போராட்டத்துக்கு வருபவர்கள் தம் முழுப் பெயரோடு வரவேண்டும்.

நாம் புறப்படும்போது அப்பெண்களிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டோம். இருவர் பேசாதிருந்தனர். மூன்றாமவள் தோட்டத்தின் பெயரையும், எத்தனையாம் நம்பர் லயன் என்பதையும் சொன்னாள்; சொல்லிவிட்டுத் தோழியரைப் பார்த்துச் சிரித்தாள். அவளது அடுத்த படத்தில் அந்த லயன் இருக்குமா என்பது அவள் ஒருத்தியின் துணிவை மட்டும் பொறுத்ததன்று. அப்படத்தைப் பார்க்கப்போகும் நம்மையும் பொறுத்தது.