மலையப்பன் போன ஊர்

எரிக் ஃபிளின்ட் 2000இல் எழுதிய '1632' என்ற நாவலில், மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க ஊர் ஒன்று, மூவாயிரத்துச் சொச்சம் ஜனங்களோடும் மின் நிலையத்தோடும் பள்ளிக்கூடத்தோடும் பெயர்க்கப்பட்டு, 1631ஆம் வருஷத்து ஜெர்மனியில், துரிங்கியாவில் போய் விழுகிறது. முப்பதாண்டு யுத்தத்தின் நடுக்கட்டம். அந்த மே மாதத்தில்தான் மக்டெபர்க் நகரம் சூறையாடப்பட்டு ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் மாண்டார்கள். ஊர்க்காரர்கள் துப்பாக்கியை எடுத்துக் கூலிப்படைகளை விரட்டுகிறார்கள், அகதிகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள், ஸ்வீடன் அரசன் குஸ்தாவ் அடால்ஃபோடு கூட்டுச் சேர்கிறார்கள். சரித்திரத்தில் 1632 நவம்பரில் லுட்ஸன் போர்க்களத்தில் செத்த அவன் இந்தக் கதைவரிசையில் பிழைத்துக்கொள்கிறான். 2022இல் ஃபிளின்ட் இறப்பதற்குள் இது, வாசகர்களும் கூடி எழுதிய ஒரு பெரிய நூல்வரிசையாகிவிட்டது.

பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் ஃபிளின்ட் தொழிற்சங்கத்தில் வேலை செய்த இடதுசாரி. கதையின் தலைவனும் சுரங்கத் தொழிலாளர் சங்கத்துக்காரன். தனி வீரனுக்குப் பதில் ஓர் ஊரையே அனுப்பினார் என்பதில் அவர் அரசியல் இருக்கிறது. இன்னொன்று, உதிரி பாகம் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்ற கேள்வியை அவர் மறைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டு யந்திரங்களை அங்கே பழுதுபார்க்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீராவிக்கு இறங்கி வந்தால்தான் பிழைப்பு. பின்னால் வரும் நாவல்களில் பள்ளி நூலகத்தின் சரித்திரப் புத்தகங்களே துப்பாக்கியைவிட ஆபத்தாகின்றன. தன் தலை வெட்டப்படும் என்று படித்துத் தெரிந்துகொண்ட முதலாம் சார்லஸ், அதற்கு முன்பே கிராம்வெல்லைப் பிடித்து அடைத்துவிடுகிறான். இந்தக் கற்பனை நிஜமாகவே கெட்டிக்காரத்தனமானது.

மூத்த உதாரணங்களில் ஸ்ப்ரேக் டி காம்ப்பின் நாவலை (1939) என் தொழில் காரணமாக விசேஷமாகச் சொல்ல வேண்டும். ஆறாம் நூற்றாண்டு ரோமில் மாட்டிக்கொண்ட அமெரிக்கன், ஒரு சிரிய வட்டிக்காரனுக்கு அரபு எண்களையும் இரட்டைப் பதிவுக் கணக்கையும் கற்றுக்கொடுத்துக் கடன் வாங்குகிறான். (அந்த எண்கள் எந்த ஊரிலிருந்து அரபு நாட்டுக்குப் போயின என்பது நமக்குத் தெரியும்.) மார்க் ட்வைன் மட்டும் 1889இலேயே இந்தக் கனவின் முடிவைப் பார்த்துவிட்டார். ஆர்தர் அரசனின் காலத்துக்குப் போன அவருடைய யாங்கி, மின்சார வேலியிலும் யந்திரத் துப்பாக்கியிலும் ஆயிரக்கணக்கில் கொன்று குவித்துவிட்டு, அந்தப் பிணங்களுக்கு நடுவிலேயே அடைபடுகிறான்.

நான் கேட்க விரும்புவது வேறு. இப்படியொரு நாவலைத் தருமபுரியில் உட்கார்ந்து படிக்கிறவன் யார் பக்கம் நின்று படிக்கிறான்? நம் வாசகர்கள், அதிலும் இஞ்சினியரிங் படித்தவர்கள், கேள்வியே இல்லாமல் அமெரிக்கர்களோடு சேர்ந்து துரிங்கியாவில் இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அது சாத்தியப்படவில்லை. இந்த மண்ணின் மேல் ஒரு வேற்று ஊர் வந்து விழுந்திருக்கிறது. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனது. அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்தார்கள், குடியானவனின் பெயரை ஏட்டில் ஏற்றினார்கள், வரி போட்டார்கள். ரயத்துவாரி என்று பிற்பாடு மாகாணம் முழுக்கப் பரவியது இங்கே ஒத்திகை பார்க்கப்பட்டதுதான். அளக்கிறவன் எழுதிவைத்த காகிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அளக்கப்பட்டவன் அன்று சாயங்காலம் வீட்டில் போய் என்ன சொன்னான் என்பதற்கு ஒரு வரி கிடையாது. ஃபிளின்ட்டின் ஜெர்மானியக் குடியானவர்களும் இப்படித்தான், நன்றி சொல்வதற்கே வாய் திறக்கிறார்கள். ஊர்க்காரர்கள் முதலில் சந்திக்கும் ரெபெக்கா நல்ல இங்கிலீஷ் பேசுகிறாள், லண்டனில் இருந்தவளாம். மொழி என்ற பெரிய சுவரை நாவலாசிரியர் இவ்வளவு மலிவாகத் தாண்டிவிடுகிறார்.

தமிழில் செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) இந்தச் சுவரில் ஒரு தடவை முட்டிப் பார்த்தது. தீவில் ஒளிந்து வாழும் கடைசிச் சோழர்களின் தமிழ், இங்கிருந்து போனவர்களுக்குப் பிடிபடுவதில்லை. அவர்கள் பசியோடு கிடக்கிறார்கள். நவீனம் அவர்களிடம் ராணுவமாகப் போய்ச் சேர்கிறது. எத்தனையோ ஆபாசங்களுக்கும் கூச்சல்களுக்கும் நடுவில் அந்தப் படத்துக்கு இது தெரிந்திருந்தது. ஆனால் அங்கேயும் சோழர்கள்தான். அரண்மனை இல்லாத கடந்த காலம் நமக்குக் கடந்த காலமாகவே படுவதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் புதுச்சேரிக்குப் போன பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' போன்றவை விதிவிலக்குகள்.

இத்தனைக்கும் ஃபிளின்ட் கற்பனையில் செய்தது தரங்கம்பாடியில் நிஜமாக நடந்திருக்கிறது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். துரிங்கியாவில் அமெரிக்க ஊர் விழும்போது அவர்கள் இங்கேதான் இருந்தார்கள். 1706இல், துரிங்கியாவுக்குப் பக்கத்து ஹாலேயில் படித்த ஸீகன்பால்க் வந்து இறங்கினார். ஹாலேயில் வெட்டிய தமிழ் எழுத்துக்கள் 1713இல் கப்பலில் வந்தன. எழுத்துக்கள் பெரிசு, காகிதமோ குறைச்சல். இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். அதற்கு ஈயம் பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் மூடிகளிலிருந்து கிடைத்தது என்பார்கள். பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்துப் பார்த்தார்கள். 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. கையளவு மனிதர்கள், ஒரு யந்திரம், தீர்ந்துகொண்டேபோகும் சாமான்: மேற்கு வர்ஜீனியாக்காரர்களின் நிலைமையேதான். ஒரு வித்தியாசம். இவர்கள் வந்து விழுந்த இடத்தில் மணலில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தார்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் ஸீகன்பால்க் அரிச்சுவடி கற்றார். மாட்டிக்கொண்டவன் முதலில் மாணவனாக வேண்டும் என்ற எளிய விஷயத்தை இந்த வகை நாவல்கள் ஏன் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை?

1714இல் ஸீகன்பால்க் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது கூடவே மலையப்பன் என்ற தமிழ்ப் பையன் போனான். பீட்டர் என்று ஞானஸ்நானப் பெயர். வடக்கே யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். டேனிய அரசன் ஸ்ட்ரால்சுண்ட் முற்றுகையில் இருந்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஐரோப்பாவில், கடலுக்கு அப்பாலிருந்து போய் விழுந்த ஒருவன் நமக்கு நிஜமாகவே இருக்கிறான். அவன் கையில் துப்பாக்கி இல்லை, அரசியல் சட்டம் இல்லை. அவன் கொண்டுபோனது ஒன்றே ஒன்றுதான், ஒரு மொழி. அதுவும் தேவைப்பட்டது: 1716இல் ஹாலேயில் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் வெளியாயிற்று, ஸீகன்பால்க் பெயரில். மலையப்பன் பனியைப் பார்த்து என்ன நினைத்தான், 'ழ'கரத்தை எத்தனை தடவை சொல்லிக்காட்டினான் என்பதெல்லாம் நாவலாசிரியனுக்கு விடப்பட்டிருக்கிறது.

அவன் மேல் ஒரு புரட்சியைச் சுமத்தி, ஹாலேயில் குறளைப் பரப்பி ஐரோப்பாவைத் திருத்துகிறவனாக ஆக்கிவிட்டால் ஃபிளின்ட்டின் கதையே வேட்டி கட்டிக்கொண்டு வந்ததாகிவிடும். அப்படித்தான் எழுதப்படும் என்ற பயம் எனக்கு உண்டு. நம் வியாபாரப் பத்திரிகைகளின் சரித்திரத் தமிழ், உபயோகித்து உபயோகித்து மினுங்கிப்போன ராஜபார்ட் உடை. மலையப்பன் வாயில் அது நிற்காது. அவன் காலத்துத் தரங்கம்பாடிக்காரர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதற்குச் சாட்சியம் இருக்கிறது: 1712க்கும் 1714க்கும் இடையில் மிஷனரிகளின் கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில் கடிதங்கள். மதம், சோறு, கல்யாணம், வைத்தியம் எல்லாம் அதில் உண்டு. ஐரோப்பியர்களின் குடியையும் அசுத்தத்தையும் பற்றிய ஒளிவுமறைவில்லாத அபிப்பிராயங்களும் உண்டு. அவற்றைத் தமிழிலேயே படித்துவிடலாம் என்று பார்த்தால், மூலம் போய்விட்டது. ஹாலேயில் அச்சான ஜெர்மன் மொழிபெயர்ப்பு மட்டுமே மிச்சம். மலையப்பனைப் பற்றி எழுத உட்காருகிறவன், அவனுடைய தமிழை ஜெர்மனிலிருந்து திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும்.