சின்ன எழுத்துப் பெயர்கள்

மார்கழிக் கச்சேரிப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிப்பவன் நான். மேலே கொட்டை எழுத்தில் பாடகர். கீழே பொடி எழுத்தில் வயலின், மிருதங்கம், அப்புறம் கடமோ கஞ்சிராவோ. பொடி எழுத்தில் ஒரு பெயரைக் கண்டுவிட்டு, கொட்டை எழுத்தைப் பொறுத்துக்கொண்டு டிக்கெட் வாங்கிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

அப்படி ஒரு மாலை. பாடியவரைக் குறை சொல்ல முடியாது. சுருதி சுத்தம், பாடாந்தரம் சுத்தம். துலக்கிக் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி எல்லாம் பளபளத்தது, உள்ளே ஒன்றும் இல்லை. காம்போதியை இருபது நிமிடம் பாடினார். ஏறினார், இறங்கினார், தார ஸ்தாயியில் நின்று கைதட்டலும் வாங்கினார். பிறகு வயலின்காரர் வில்லை எடுத்தார். நான்கைந்து நிமிடம்தான். உச்சிக்குப் போகவே இல்லை. தைவதத்தையே சுற்றிச் சுற்றி வந்து, பஞ்சமத்தில் அலுப்புத் தீர உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிப் பெரியவர் ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பாடகருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு கணம் குனிந்து ஜமக்காளத்தைப் பார்த்தார். பிறகு ‘பேஷ்!’ என்றார், மைக்கில் விழும்படி. அந்த ‘பேஷ்’தான் அன்று அவர் வாயிலிருந்து வந்த நல்ல பிடி.

மேல்நாட்டு ராக் கச்சேரிகளிலும் துணைக்கு வந்தவர் முதன்மைக் குழுவை விழுங்கிய கதைகள் உண்டு. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1967-இல் மங்கீஸ் குழுவுக்கு முன்னதாக வாசிக்கும் துணைக் கலைஞராக அமெரிக்காவில் சில ஊர்கள் போனார். வந்திருந்த பிள்ளைகள் மங்கீஸைக் கேட்டுக் கூச்சல் போட்டார்கள். சில நிகழ்ச்சிகளோடு கழன்றுகொண்டார். இன்று கிதார் தொட்டவர்கள் எல்லாரும் ஹெண்ட்ரிக்ஸின் வகுப்பில் படித்தவர்கள். ஆனால் அங்கே இருவரும் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் உட்காருவதில்லை. ஒருவர் முடித்துப் பெட்டியைக் கட்டிய பிறகுதான் மற்றவர் வருகிறார். நம்மூரிலோ மிஞ்சுகிறவரும் மிஞ்சப்படுகிறவரும் ஒரே ஜமக்காளத்தில், கைக்கெட்டும் தூரத்தில், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் எழுந்து போக வழியில்லை.

போதாததற்கு நம் மேடை வழக்கங்கள் அத்தனையும் பக்கவாத்தியத்தின் கையைக் கட்டுகின்றன. என்ன ராகம், என்ன பல்லவி, எடுப்பு எங்கே என்பதைப் பாடகர் தீர்மானிப்பார், முன்கூட்டிச் சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆலாபனையில் வயலினுக்குக் கிடைப்பது பாடகர் எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதி, பெருந்தன்மை குறைந்தால் கால்பங்கு. மிருதங்கக்காரர் மேடையில் முதன்முறையாகக் கேட்கும் உருப்படிக்குக்கூட நாலு நாள் ஒத்திகை பார்த்தவர்போல வாசித்தாக வேண்டும். இவ்வளவையும் தாண்டி ஒருவர் தனியாகத் தெரிகிறார் என்றால் அது சத்தத்தால் ஆன காரியமல்ல. பாடகருக்குத் தொண்டைக் கவலை, சாகித்தியக் கவலை, கடிகாரத்தைக் காட்டும் சபா காரியதரிசியின் கவலை. பக்கத்தில் இருப்பவருக்குக் காது ஒன்றுதான் வேலை. கேட்பவன் கை ஓங்குவதில் வியப்பில்லை.

நாதஸ்வர உலகம் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாதது. அங்கே ‘ஸ்பெஷல் தவில்’ என்றே ஒரு பதவி. நாதஸ்வரக் குழுவின் வழக்கமான தவில்காரர்கள் இருக்க, வேறு ஊரிலிருந்து ஒரு பெரிய தவில் வித்வானைத் தனியாகப் பேசி வரவழைப்பார்கள். நோட்டீஸில் அவருக்குத் தனி வரி. அவர் எதற்கு வருகிறார் என்பது நாதஸ்வரக்காரருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) காலத்தில் தவிலைக் கேட்கவே கூட்டம் வந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தும் தன் பெயரைத் தனியாகச் சொல்லவைத்தவர் அவர். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பக்கத்தில் சூரியனையே நிறுத்தினாலும் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். அதை வைத்து மீனாட்சிசுந்தரம் பிள்ளையை எடைபோட்டுக்கொள்ளலாம்.

அவருக்கு அடுத்த தலைமுறையில் ஈழத்திலிருந்து ஒருவர் வந்தார். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி, அளவெட்டிக்காரர். தவிலில் வலப்பக்கத்தை, துணியும் பசையும் சுற்றிக் காயவைத்த கூடு மாட்டிய விரல்களால் வாசிக்க வேண்டும். இடப்பக்கத்துக்குக் கழி. கூடு மாட்டிய விரலில் மென்மை வராது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தட்சிணாமூர்த்தியின் ஒலிப்பதிவுகளில் வேகம் உச்சத்தில் இருக்கும்போதும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுகிறது, கோத்த முத்து அறுந்து தரையில் ஒவ்வொன்றாகத் தெறிப்பதுபோல. 1975-இல் அவர் போனபோது வயது நாற்பத்தொன்று. அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார்.

தவில் என்றதும் பாலையாவைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் நாதஸ்வரத்தில் சிவாஜி, தவிலில் பாலையா. உண்மையில் வாசித்த மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் மூச்சு முழுவதும் சிவாஜியின் கழுத்து நரம்பில் தெரிகிறது. இருந்தும் என் கண் பாலையா பக்கம் போய்விட்டால் திரும்பி வர மறுக்கிறது. பக்கவாத்தியக்காரரின் இலக்கணம் முழுவதும் அந்த முகத்தில் இருக்கிறது: உள்ளே கர்வம், வெளியே அனுசரணை, ஓரத்தில் கொஞ்சம் குறும்பு.

வயலினுக்கு வருகிறேன். லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் மூவரும் பக்கத்தில் உட்கார்ந்த காலம் பாடகர்களுக்குச் சோதனைக் காலம். லால்குடியின் வில் வாய்ப்பாட்டின் எழுத்தறியும். நிரவலில் பாடகர் நெட்டெழுத்தில் நீண்டால் வில்லும் நீளும். வல்லினம் விழும் இடத்தில் வில் வெட்டும். கண்ணை மூடிக் கேட்டால் வரியின் சொற்களை வயலினிலிருந்தே படித்துவிடலாம். அதே வரி பாடகர் வாயில் குழறியிருந்தால் அன்றைக்கு அவர் கதி அதோகதி. கோபாலகிருஷ்ணன் வேறு ரகம். பரூர் பாணி விரலும், இந்துஸ்தானி மேதைகளுக்கு வாசித்த பழக்கமும் சேர்ந்து, ஒரே வில்லில் ஒரு மலையை ஏறி இறங்கிவிடுவார். என் ஓட்டு, வேகத்தில் அவருக்கு, சொல்லில் லால்குடிக்கு.

இந்த மூவருக்கும் முந்தைய கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை. அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு அவர் வாசித்ததைக் கேட்டால் மிஞ்சினார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் இல்லாத அரியக்குடி பதிவு கொஞ்சம் உப்புக் குறைந்தாற்போல இருக்கும். இதுவும் ஒருவகை வெற்றிதான், இதில்தான் எனக்குப் பிரியம் அதிகம். எதிர்முனையில் குன்னக்குடி வைத்தியநாதன். பெரியவர்களுக்கெல்லாம் பக்கத்தில் வாசித்துப் பெயர் வாங்கி, பிறகு பக்கவாத்தியமே வேண்டாம் என்று நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார், வலையப்பட்டியின் தவிலைத் துணைக்கு வைத்துக்கொண்டு. பக்கத்து இருக்கையில் அடங்காத ஆள், நேர்மையாக இடம் மாறிக்கொண்டார். குறை சொல்ல என்ன இருக்கிறது?

மைக் இல்லாத காலத்தில் கேட்கப்படுவதே ஒரு போராட்டம். மைசூர் சௌடையா வயலினின் நான்கு தந்திகளில் மூன்றை இரட்டையாக்கி ஏழு தந்தி வயலின் செய்துகொண்டதும் கடைசி வரிசைக்கு எட்டவேண்டும் என்பதற்காகத்தான். இன்று நிலைமை தலைகீழ். மேடைக்கு வந்ததும் முதல் கும்பிடு ஒலிப் பொறியாளருக்கு, ‘எனக்கு மானிட்டரில் இன்னும் கொஞ்சம்’ என்று. அவர் விரலால் ஒரு திருகு திருகினால் யாரும் யாரையும் மிஞ்சலாம். அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பாலக்காடு மணி ஐயர் இதை முன்பே பார்த்துவிட்டார். மைக் வைத்தால் மிருதங்கத்தின் நாதம் கெடுகிறது என்று 1960-களில் அவர் பிடிவாதமாக நின்றார். அவருடைய கும்கி, மந்தமாக ஒலிக்கும் தொப்பிப் பக்கத்தில் உள்ளங்கை அழுத்தி நகரும்போது எழும் அந்த உருண்ட ஒலி, ஒலிபெருக்கியில் வந்தால் வயிற்று இரைச்சல்போல ஆகிவிடும் என்பது கேட்டவர்களுக்குப் புரியும். பாட்டை அவர் வாசித்த விதம்தான் பாடகர்களைப் பயப்படுத்தியது. அனுபல்லவியில் பாடகர் எதை அழுத்தப்போகிறார் என்பது பாடகருக்கே தெரிவதற்கு முன்னால் அவர் கைக்குத் தெரிந்துவிடும். 1966-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். மிருதங்கக்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

மணி ஐயருக்கும் ஒரு பக்கபலம் இருந்தது. தஞ்சாவூர் பர்லாந்து, அவருடைய மிருதங்கங்களைச் செய்தவர். பலாமரக் கட்டை, பசுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல். தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, மூட்டு முட்டி, வார் பிடித்து, கரணை போட்டுத் தேய்த்து அந்த நாதத்தைக் கட்டையிலிருந்து வெளியே எடுத்தவர். மணி ஐயர் காதில் கேட்ட ஒலியை பர்லாந்து கையால் தேடினார். அவர் பெயர் கொட்டை எழுத்திலும் வரவில்லை, பொடி எழுத்திலும் வரவில்லை. டி.எம். கிருஷ்ணா 2020-இல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி எழுதிய நூல்தான் அந்தக் குடும்பத்தைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. மேடைக்கு வராமலே கச்சேரியைத் தூக்கிக்கொண்டு போனவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கஞ்சிராவை மறந்தால் புதுக்கோட்டைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பஜனைக் கூடத்தில் கிடந்த வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் மான்பூண்டியா பிள்ளை. அவர் வழியில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. ஒரு சாணுக்குள் அடங்கும் பலாமர வளையம், ஒரு பக்கம் மட்டும் உடும்புத் தோல், ஓரத்தில் காசு. வாசிக்க ஒரே கை. தண்ணீர் தடவித் தோலின் விறைப்பைத் தளர்த்தினால்தான் கும்கி வரும். உடும்புக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதால் இப்போது ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன. இந்தச் சின்ன வட்டத்தை வைத்து ஹரிசங்கர் செய்தது அநியாயம். மிருதங்கம் இரண்டு கையால் விரித்த கோர்வையை அவர் ஒற்றைக் கையால் மடித்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். 2002-இல், நாற்பத்து மூன்று வயதில் காலமானார். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு ஓடும் கூட்டம் அவர் வாசித்தபோது கதவருகிலேயே நின்று திரும்பிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். கீரை வடை ஆறிப்போகட்டும் என்று விட்டார்களே, அதற்குமேல் ஒரு பட்டம் கிடையாது.

புதுக்கோட்டை வழியில் வந்தவர்தான் என் கதாநாயகர், பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இடக்கைக்காரர். இதில் என்ன தொந்தரவு என்று கேட்கலாம். மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால் கூர்மையாக ஒலிக்கும் வலந்தலை சபையைப் பார்க்கும். இடக்கைக்காரர் அங்கே உட்கார்ந்தால் தொப்பிதான் சபையைப் பார்க்கும். ஆகவே அவர் வயலின்காரரின் இடத்தில் உட்கார வேண்டும், வயலின்காரர் எதிர்ப்பக்கம் மாற வேண்டும். மாற மனமில்லாதவர்கள் இருந்தார்கள். கச்சேரிகள் கை நழுவின. செம்பை வைத்தியநாத பாகவதர் பழனிக்காக நின்றார். செம்பை, சௌடையா, பழனி என்ற கூட்டணி பிறகு தென்னாடு முழுக்கப் பேசப்பட்டது. தன்னை மிஞ்சக்கூடிய ஒருவனைத் தேடிப் பக்கத்தில் உட்காரவைக்க ஒரு தைரியம் வேண்டும். செம்பைக்கு அது குரலிலேயே இருந்தது.

பழனியின் வாசிப்பில் நான் முதலில் கவனித்தது அவர் வாசிக்காத இடங்களை. சங்கதி ஒன்று மலரும்போது கையை எடுத்துவிடுவார். பாட்டு தானாக ஓர் ஆவர்த்தனம் நடக்கும். நாம் தாளத்தைத் தவறவிடப்போகிறோம் என்று பதறும் அந்த நொடியில் தொப்பியில் ஒரே ஒரு அடி விழும், உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல. நன்றாகப் பாடத் தெரிந்தவர் கை அது. கணக்கில் அவர் எமன் என்பார்கள், உண்மைதான். ஆனால் கணக்கைக் காட்டி அவர் பாட்டை மிரட்டுவதில்லை. ஆலத்தூர் சகோதரர்கள் லயத்தில் புலிகள். அவர்கள் பக்கத்தில் பழனி வாசித்ததைக் கேட்டால் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே தெரியாது. அவர் சீடர் திருச்சி சங்கரன் 1971 முதல் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். 2011-இல் அவரும் சங்கீத கலாநிதி ஆனார். பழனிக்கு அந்தப் பட்டம் இல்லை. மணி ஐயருக்கு அது வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அவர் போய்விட்டார்.

பழனியின் பழைய பதிவுகள் இன்று கேட்கக் கிடைக்கின்றன. இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள்: நேராகத் தனி ஆவர்த்தனத்துக்குத் தாண்டிப் போகாதீர்கள். தொடக்கத்தில் வரும் ஏதாவது ஒரு சின்னக் கீர்த்தனையைப் போட்டு, பாடகரை விட்டுவிட்டு இடக்கைக்காரரை மட்டும் கேளுங்கள்.