கல்லும் கள்ளியும்

பயணக் கட்டுரை எழுதாதவர் நம்மிடையே அநேகமாக இல்லை. பயண இலக்கியம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். 'வியந்தேன்', 'மெய்சிலிர்த்தேன்' என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டால் பெரும்பாலானவற்றில் மிஞ்சுவது ரயில் நேரமும் இட்லி கிடைக்காத துக்கமும்தான். வியப்பு வாசகனுக்கு நேர வேண்டியது. எழுதுகிறவன் முன்கூட்டியே அதை அனுபவித்துத் தீர்த்துவிட்டு ரசீதை மட்டும் நமக்கு அனுப்பிவைக்கிறான். (வங்கிக் குமாஸ்தாவுக்கு வேறு உவமை வரமாட்டேனென்கிறது.)

1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஒரு டாகுமெண்டரிப் படம் எடுக்க வேண்டுமென்று ஏ.கே. செட்டியாருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு முப்பது வயது ஆகவில்லை. அதன் பிறகு கண்டம் கண்டமாக அலைந்து, யார் யாரோ எடுத்து எங்கெங்கோ கிடந்த படச்சுருள்களைச் சேர்த்தார். 1940-ல் படம் வெளிவந்தது. இவ்வளவு அலைந்தவர் தம் உரைநடையில் குரலை உயர்த்துவதேயில்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள். பார்த்த மனிதன், அவன் பேசிய பேச்சு, அவ்வளவுதான். 'நான்' ஓரமாக நிற்கிறது. நண்பர் ஒருவர் இதைத் 'தட்டை' என்கிறார். தரிசனம் இல்லாத வெறும் தகவல் என்பது அவர் கட்சி. ஐந்தாறு வருஷம் நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

கட்சி மாறியது செட்டியாரைத் திரும்பப் படித்ததால் அல்ல. எனக்கு வில்லியனூரில் வேலை. வங்கிக்கு விடுமுறையான இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாகூர்ப் பக்கம் போவது வழக்கம். புதுச்சேரி ஒரே துண்டு நிலமல்ல, பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன சிதறல். கிளைப்பாதையில் திரும்பினால் தமிழ்நாடு, இன்னும் கொஞ்சம் மிதித்தால் மறுபடி புதுச்சேரி. பலகையைவிடச் சாராயக் கடைதான் எல்லையைச் சரியாகச் சொல்லும். பாகூர் ஏரிக்குத் தண்ணீர், பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற தாசிச் சகோதரிகள் வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் கதை. ஒரு நாள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். வழி தவறிப் போய் நின்ற இடம் ஒரு கரும்புக் கொல்லை. எந்த மாநிலம் என்றே தெரியவில்லை. மடை திருப்பிக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன்.

"எங்க கொல்லையிலதான் நிக்கிற தம்பி. அதுக்கு மேல என்னா தெரியணும்?"

அந்தச் சந்தோஷத்தை அன்றிரவே பதினோரு பக்கம் எழுதினேன். மறுநாள் படித்தால் ஒன்பது இடத்தில் 'வியப்பு'. பெரியவரைக் காணோம், 'எளிய மனிதரின் ஞானம்' ஆகிவிட்டிருந்தார். கிழித்துப் போட்டேன்.

பாகூர்ச் செப்பேட்டைப் படித்தது அதற்குப் பிறகு. நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த சாசனம். சமஸ்கிருதப் பகுதியில் வம்சப் புகழ், அணி, ஆரவாரம். தமிழ்ப் பகுதி வேறு விதம். நாட்டார் எல்லையை நடந்து கல்லும் கள்ளியும் நட்டார்கள்; எல்லை கிழக்கே எதுவரை, தெற்கே எதுவரை. உத்தியோகத் தமிழ்தான். ஆனால் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அந்தக் காலடிகள் அதில் கேட்கின்றன. நான் சைக்கிள் மிதிக்கும் அதே மண்.

அவர்கள் சுற்றித் திரியவில்லையே, நிலத்துக்கு எல்லை கட்டத்தானே நடந்தார்கள் என்று நண்பர் கேட்பார். நியாயம். அந்த நடையில் ஆனந்தம் இருந்ததா என்று சாசனம் சொல்லாது. ஆனாலும் நடந்தவன் வாக்கியத்துக்கும் நடக்காதவன் வாக்கியத்துக்கும் வித்தியாசம் உண்டு. செட்டியாரின் தட்டை வாக்கியங்கள் இந்த வம்சம். அவர் கல்லை நட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். நடுவில் உள்ள வெளியில் நாம்தான் அலைய வேண்டும்.

அவரிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. காரியமாகப் போனவர், வழி தவற அவருக்கு நேரமில்லை. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' ஆற்றை மறந்து பேச்சில் இறங்குகிற இடங்களில்தான் உயிர் பெறுகிறது. வழி தவறியவனின் ஆனந்தமும் செட்டியாரின் அடக்கமும் ஒரே வாக்கியத்தில் கூடுவது தமிழில் எனக்கு இன்னும் படிக்கக் கிடைக்கவில்லை.

கரும்புக் கொல்லையை மறுபடி எழுதிப் பார்த்தேன். நான்கு வரி தேறியிருக்கிறது. பெரியவர் இருக்கிறார், கையில் மண்வெட்டியோடு. வருகிற இரண்டாவது சனிக்கிழமை நண்பரையும் அங்கே கூப்பிட்டிருக்கிறேன். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. நடக்க வேண்டியதுதான்.