பீடத்தில் இருக்கிற தமிழ்

சங்கரன்கோவிலில் பொதிகை ரயிலேறி வைத்தியத்துக்காகச் சென்னை வந்த சித்தப்பாவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். சிவகிரியில் வயக்காட்டு வேலையிலேயே ஆயுசைக் கழித்தவர். நடராசரைச் சீக்கிரமே தாண்டிவிட்டார். நாகப்பட்டினத்துப் புத்தர் முன்னால்தான் கால் நின்றது. தலையில் தீக்கொழுந்து, தொங்கும் காது. "ஏலே, இது பாம்படம் கழட்டுன நம்ம ஆத்தா காதுல்லா?" என்றார்.

அதே வாரம் நகரத்தில் வேறொரு அரங்கில் சீனக் கலை, பௌத்தக் கலை பற்றிய கண்காட்சி. கூடவே ஓர் உரை. பேசியவர் விஷயம் தெரிந்தவர். துன்ஹுவாங் குகை ஓவியங்களைப் படம் படமாகக் காட்டி அவர் சொன்னதை ஆசையோடுதான் கேட்டேன். நாகப்பட்டினத்துக்கு வந்ததும் பேச்சு சுருங்கிவிட்டது. ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரை, சீன வணிகர் வந்துபோன துறைமுகம், ஐரோப்பியர் 'சீனக் கோபுரம்' என்றழைத்த செங்கல் கட்டடம், அது 1867இல் இடிக்கப்பட்டது. வந்தவர்கள் கட்டினார்கள், அவர்கள் போனதும் பௌத்தமும் போயிற்று என்று முடித்தார். அயோத்திதாசரைப் பற்றிக் கேட்டேன். "அது அரசியல், இது கலை" என்றார். கூட்டம் டீ குடிக்கப் போய்விட்டது.

கலையையே பார்ப்போம். 1856இல் அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் இலுப்பை மரத்தை வெட்டியபோது முதல் சிலைகள் கிடைத்தன. 1930கள் வரை கிடைத்தவை ஏறத்தாழ 350. இவற்றைப் பற்றி டி.என். இராமச்சந்திரன் எழுதிய நூலை 1954இல் சென்னை அருங்காட்சியகமே வெளியிட்டது. சில பீடங்களில் எழுத்து இருக்கிறது, தமிழில். ஒன்று அக்கசாலையரின் பெரும்பள்ளியைச் சொல்கிறது. பதினெண் நாட்டுக் கம்மியர்க்கும் கதியான நாயகர் என்கிறது. திருவிழாவில் எழுந்தருளுகிற திருமேனி என்கிறது. அந்தக் கோயிலுக்கு ஆழ்வார் கோயில் என்று பெயர். உலாப் போன சாமிய்யா அது! கப்பலில் வந்தவன் தன் கும்பிடுக்கு வைத்துக்கொண்ட பொம்மை இல்லை. சோழ அரசு 1279இல் முடிந்த பிறகும், 16ஆம் நூற்றாண்டு வரைக்கும் வார்த்திருக்கிறார்கள். யார் போனதும் எது போயிற்று?

உடனே "எல்லாம் நம்ம ஆளுக செஞ்சது" என்று தோழர்கள் துள்ளுவதும் எனக்கு ஒப்பவில்லை. அக்கசாலையர் சேரிக்காரர்கள் அல்லர். நம் பங்கைச் செம்பில் தேடக்கூடாது, நெல்லில் தேட வேண்டும். இராசராசன் விகாரைக்கு விட்ட ஆனைமங்கலத்து நிலம் 97 வேலி, வருமானம் 8,943 கலம் நெல். டச்சுக்காரர்கள் கொண்டுபோனதால் லெய்டன் செப்பேடு என்று பேர் வாங்கிய பட்டயம் சொல்லும் கணக்கு இது. அதே இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டில் ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு, தீண்டாச்சேரி வேறு. கொடுத்தவன் பேர் செம்பில் இருக்கிறது. உழுதவன் இருந்த இடம் மட்டும் கல்லில் இருக்கிறது, பேரில்லாமல்.

அயோத்திதாசர் 1898இல் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நடத்தியவர். 1907இலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையில் நம் சடங்கையும் சொல்லையும் கிண்டிக்கிண்டிப் பழைய பௌத்தத்தைத் தேடியவர். அவர் சொற்களைப் பிரித்துப் பொருள் சொல்வதில் பலதை நானே ஏற்பதில்லை. ஆனால் புத்தர் ஊருக்குள்ளேதான் வேறு பேரில் இருக்கிறார் என்ற சந்தேகத்தை முதலில் கிளப்பியவர்களில் ஒருவர் அவர். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாகக் கும்பிடப்பட்ட சிலை புத்தருடையது என்று 2022இல் சென்னை உயர்நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அவரை வாசலில் நிறுத்திவிட்டு, அதே சென்னையில் புத்தரை உள்ளே வைத்து விளக்கம் சொல்வது என்ன கலைப் பார்வையோ!

சித்தப்பா ஊருக்குத் திரும்பும்போது அந்தப் புத்தர் படத்தைக் கேட்டு வாங்கிப்போனார். எங்கள் தெருப் படிப்பகத்தில் ஒட்டினோம். கீழே பீடத்து எழுத்தின் சேதியையும் ஆனைமங்கலத்துக் கணக்கையும் நானே எழுதிவைத்தேன். நடுகைக்குப் போய்விட்டு வந்த ஒரு பெரியம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வேலி என்றால் அவருக்குப் பிடிபடவில்லை. 600 ஏக்கருக்கு மேல் என்றேன்.

"ஆத்தாடி! அத்தன வயலுக்கும் நாத்து நட எத்தன பொம்பளைய எறங்கியிருப்பாளுவ? அத எழுதலியே நீ."