போக்கிமான்: நினைவேக்கமும் லிங்க் கேபிளும்

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்கு இரண்டு கேசட்டுகள் விற்பனைக்கு வந்தன. ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. இரண்டிலும் இருந்தது ஏறக்குறைய ஒரே ஆட்டம். பாக்கெட் மான்ஸ்டர்ஸ் என்ற அதன் தலைப்பே போக்கிமான் என்று சுருங்கியது. ஒரு சிறுவன் வீட்டைவிட்டுக் கிளம்பி, காண்டோ என்னும் நிலப்பகுதியில் ஊர் ஊராக நடந்து, புல்லிலும் குகையிலும் நீரிலும் மறைந்திருக்கும் உயிரினங்களைப் பிடிக்கிறான். அவற்றை வளர்க்கிறான், பிறருடையவற்றோடு மோதவிடுகிறான். மொத்தம் 151 உயிரினங்கள். 1998 செப்டம்பரில் சிவப்பு, நீலம் என்ற பெயர்களில் இது வட அமெரிக்காவுக்கும், மறு ஆண்டு ஐரோப்பாவுக்கும் சென்றது. அன்று ஆடிய சிறுவர்கள் இன்று நடுவயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். பால்ய ஏக்கம் பற்றி இணையத்தில் நடக்கும் பேச்சுகளில் இந்த ஆட்டத்தின் பெயர் வராமல் இருப்பது அரிது.

அந்தப் பேச்சு பெரும்பாலும் பட்டியலாகவே இருக்கிறது: முதலில் தேர்ந்தெடுத்த உயிரினம், தொடக்க இசை, விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும் அந்தச் சிறிய திரை. நிறுவனமும் ஏக்கம் என்றால் இதுதான் என்று எடுத்துக்கொண்டு அதே உருவங்களைத் திரும்பத் திரும்ப விற்கிறது. முதல் ஆட்டத்தை இன்று மறுபடி ஆடிப் பார்ப்பவருக்கு வேறு இரண்டு விஷயங்கள் தென்படும். ஒன்று, வெளிவந்த நாளிலேயே அது இழப்பைப் பற்றிய ஆட்டமாக இருந்தது. மற்றொன்று, இன்னொருவரின் துணையில்லாமல் அதை முடிக்க வழியில்லை. பின்னால் வந்த மறுஆக்கங்கள் முதலாவதைப் பூசி மெழுகின. இரண்டாவதைத் தொடரின் ஆட்டங்கள் சிறிது சிறிதாகத் தளர்த்தின.

பூச்சிகளும் தண்டவாளமும்

ஆட்டத்தை உருவாக்கிய சதோஷி தஜிரி 1965இல் பிறந்தவர். டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தார். சிறுவயதில் குளங்களிலும் காடுகளிலும் பூச்சி பிடிப்பதில் பைத்தியமாக இருந்ததால் நண்பர்கள் அவரைப் பூச்சி டாக்டர் என்று கேலி செய்தனர். நகரம் பரவியது. குளங்களும் வயல்களும் கட்டடங்களுக்கு அடியில் போயின. பதின்வயதில் அவர் வீடியோ கேம் கூடங்களில் போய் விழுந்தார். 1983இல் கேம் ஃப்ரீக் என்ற சிறுபத்திரிகையைக் கையால் எழுதி, நகலெடுத்து விற்றார். அதில் படம் வரையச் சேர்ந்தவர் கென் சுகிமோரி. 1989இல் அந்தப் பத்திரிகையே ஒரு நிறுவனமாக மாறியது. போக்கிமான் வேலை தொடங்கி முடிய ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின.

தன் பால்யத்தில் கிடைத்த பூச்சி வேட்டையை நகரத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்க விரும்பியதாகத் தஜிரி சொல்லியிருக்கிறார். ஆட்டத்தின் முதல் காடான விரிடியன் காடு முழுவதும் வலையோடு திரியும் பூச்சி பிடிக்கும் சிறுவர்கள் நிற்பது அதனால்தான். அங்கே பிடிக்கும் கம்பளிப்புழு ஏழாம் நிலையில் கூட்டுப்புழுவாகிறது, பத்தாம் நிலையில் வண்ணத்துப்பூச்சியாகிறது. ஆட்டம் முழுவதற்குமான பாடத்தை ஒரு புழு நடத்திவிடுகிறது.

நாயகனின் வீட்டில் ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. அருகே சென்று பொத்தானை அழுத்தினால் நான்கு சிறுவர்கள் தண்டவாளத்தில் நடக்கும் திரைப்படம் ஓடுவதாக ஒரு வரி வரும். அது 1986இல் ராப் ரைனர் இயக்கிய ஸ்டாண்ட் பை மீ என்பதைப் படம் பார்த்தவர் உடனே கண்டுகொள்வார். வளர்ந்துவிட்ட ஓர் எழுத்தாளன் தன் பன்னிரண்டாம் வயதின் கோடையை, அன்றிருந்த நண்பர்களைத் திரும்பிப் பார்க்கும் படம் அது. பத்து வயதுக் குழந்தைக்காகச் செய்த ஆட்டத்தின் முதல் அறைகளில் ஒன்றிலேயே பால்யத்தை இழந்த ஒருவனின் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆண்பிள்ளைகள் ஒருநாள் வீட்டைவிட்டுப் போய்விடுவார்கள் என்கிறாள் அம்மா. அவளும் அதைத் தொலைக்காட்சியில் கேட்டுத்தான் சொல்கிறாள். அப்பா பற்றி ஒரு சொல்லும் இல்லை. பக்கத்தில் பேராசிரியர் ஓக் தன் சொந்தப் பேரனின் பெயரையே மறந்து நம்மிடம் கேட்கிறார். சிறுவயதில் இது சிரிப்பு மூட்டும். திரும்ப ஆடும்போது அவ்வளவு சிரிப்பு வருவதில்லை.

லாவெண்டர் நகரில் ஏழு மாடிக் கோபுரம் ஒன்று இருக்கிறது. இறந்துபோன போக்கிமான்களின் கல்லறை அது. மேல்மாடிக்குப் போகும் வழியை மறிக்கும் ஆவி, குற்றக்கும்பலால் கொல்லப்பட்ட ஒரு தாய் மாரோவாக் என்று பிறகு தெரிகிறது. அதுவரை போக்கிமான்கள் மயங்கி மட்டுமே விழுந்துகொண்டிருந்தன. இறக்கவும் செய்யும் என்று ஆட்டம் சொல்வது இங்கேதான்.

1999 நவம்பரில் வந்த தங்கம், வெள்ளி ஆட்டங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. கதை மூன்று ஆண்டுகள் கழித்து, ஜோட்டோ என்ற புதிய நிலத்தில் நடக்கிறது. அதை முடித்தபின் ஆட்டம் எதிர்பாராமல் பழைய காண்டோவைத் திறந்துவிடுகிறது. போய்ப் பார்த்தால் லாவெண்டரின் கல்லறைக் கோபுரம் வானொலி நிலையமாகிவிட்டது. சின்னபார் தீவின் ஊரை எரிமலை விழுங்கிவிட்டது. விரிடியன் காடு இருந்த இடத்தில் வெறும் சாலை. மச்சிதாவுக்கு நடந்தது இங்கேயும் நடந்திருக்கிறது. கடைசியாக வெள்ளி மலையின் குகையில் ஒருவன் தனியாக நிற்கிறான். அவன் பெயர் ரெட், முதல் ஆட்டத்தில் நாமாக இருந்தவன். அவன் எதுவும் பேசுவதில்லை. வென்றதும் மறைந்துவிடுகிறான். வீடியோ கேம்களில் ஒருவர் தன் சொந்த இளவயதைச் சந்திக்கும் காட்சிகளில் இதற்கு நிகரான ஒன்றை நான் கண்டதில்லை. அதை ஆடிய குழந்தைக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட ஆகியிருக்காது.

இரண்டு பேர் வேண்டும்

இரு கேம் பாய்களை இணைக்கும் லிங்க் கேபிளைப் பார்த்தபோது அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து செல்வதாகத் தஜிரி கற்பனை செய்தார். டிராகன் குவெஸ்ட் 2 ஆடியபோது தனக்குக் கிடைக்காத அபூர்வத் தொப்பி சுகிமோரியிடம் இரண்டு இருந்ததும், அதை வாங்க வழியில்லாமல் போனதும் இந்த எண்ணத்துக்கு உரமிட்டன. அதுவரை கேபிள் பெரும்பாலும் போட்டியிடப் பயன்பட்டது. போக்கிமானில் அது கொடுத்து வாங்குவதற்கானது.

ஆட்டத்தின் விதிகள் ஆட்டக்காரரை விடாப்பிடியாக மற்றவரிடம் தள்ளுகின்றன. சிவப்பில் கிடைக்கும் சில உயிரினங்கள் நீலத்தில் இல்லை, நீலத்தில் கிடைக்கும் சில சிவப்பில் இல்லை. தொடக்கத்தில் மூன்றில் ஒன்றைத்தான் எடுக்கலாம். இரண்டு புதைபடிவங்களில் ஒன்றுதான். ஈவீயை மூன்று வடிவங்களில் ஒன்றாக மட்டுமே மாற்றலாம். ஹாண்டர், கடாப்ரா, மசோக், கிராவலர் ஆகிய நான்கும் இன்னொருவரின் கேசட்டுக்குப் போனால்தான் இறுதி வடிவம் பெறும். அந்த நொடியில் அவை நம்முடையவையாக இருப்பதில்லை. உன்னுடைய ஹாண்டர் கெங்காராக வேண்டுமானால் அதை நீ நண்பனிடம் கொடுத்துவிட வேண்டும். அவன் திருப்பித் தருவான் என்று நம்ப வேண்டும். தராமல் போன கதைகள் உண்டு. ஒரே ஆட்டத்தை இரண்டாக வெட்டி விற்பது வணிகத் தந்திரம் என்பதும் உண்மை. ஆனால் கேபிளின் இரு முனையிலும் உட்கார்ந்த குழந்தைகளுக்கு அந்தத் தந்திரம் நட்பாகவே போய்ச் சேர்ந்தது.

தகவல் பற்றாக்குறையும் இதே வேலையைச் செய்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், பிழைதிருத்தக் கருவிகளை நீக்கியதால் மிஞ்சிய சிறிய இடத்தில் ஷிகெகி மொரிமோதோ என்ற நிரலாளர் 151ஆவது உயிரினமான மியூவைச் செருகினார். சாதாரணமாக ஆடினால் அது கிடைக்காது. கொரோகொரோ என்ற சிறுவர் காமிக்ஸ் இதழ் 20 பேருக்கு மட்டும் மியூ தருவதாக அறிவித்தபோது ஏறத்தாழ 78,000 பேர் விண்ணப்பித்தனர். மற்றவர்களுக்கு வதந்தி போதுமானதாக இருந்தது. கப்பல் துறைமுகத்தின் ஓரத்தில் எந்தப் பயனும் இல்லாமல் நிற்கும் ஒரு லாரிக்கு அடியில் மியூ இருப்பதாகப் பள்ளிக்கூடங்களில் பேச்சு பரவியது. லாரி உண்மை, மியூ பொய். ஆனால் அந்தப் பொய்யைச் சோதித்துப் பார்க்க மணிக்கணக்கில் உழைத்தவர்கள் அதைப் பற்றி வருத்தப்படுவதில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது பழைய ஆட்டத்தைக் குறையில்லாத பொன்னுலகமாக்கிவிடக் கூடாது. அது ஓட்டைகள் நிறைந்த ஆட்டம். ஆவி வகைத் தாக்குதல் மனோசக்தி வகையை வீழ்த்தும் என்று ஆட்டத்துக்குள்ளேயே சொல்லப்படுகிறது, நிரல்பிழையால் அது எந்தச் சேதமும் செய்வதில்லை. கடுந்தாக்குதல் வாய்ப்பைக் கூட்ட வேண்டிய ஒரு நகர்வு அதைக் குறைக்கிறது. பையில் 20 வகைப் பொருள்களுக்கு மேல் இடமில்லை. உயிரினப் பெட்டி நிரம்பிவிட்டால், கையால் மாற்றும்வரை வேறெதையும் பிடிக்க முடியாது. இன்று ஆடுபவர் அரைமணி நேரத்தில் அலுத்துப்போவதற்கு நியாயம் இருக்கிறது.

இந்தியாவில் பலர் இந்த ஆட்டத்தைக் கேம் பாயில் ஆடவில்லை. கணினியிலோ கைபேசியிலோ எமுலேட்டர் வழியாக ஆடினர், பெரும்பாலும் தனியாக. அவர்களுடைய ஹாண்டர் கடைசிவரை ஹாண்டராகவே இருந்தது. அவர்களுக்கும் இந்த ஆட்டத்தின் மேல் ஏக்கம் உண்டு. ஆட்டத்தின் மையத்தில் எதற்காக ஓர் இடம் காலியாக விடப்பட்டிருந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரிய வாய்ப்பே இருக்கவில்லை.

மறுஆக்கங்கள்

கேசட்டின் உள்ளே ஒரு சிறிய பட்டன் பேட்டரி உண்டு. சேமித்தவற்றை உயிரோடு வைத்திருப்பது அதுதான். தங்கம், வெள்ளி கேசட்டுகளில் அதே பேட்டரி கடிகாரத்தையும் ஓட்டியதால் அவை விரைவில் தீர்ந்தன. பேட்டரி செத்தால் பெயரிட்டு வளர்த்த உயிரினங்கள் சுவடின்றிப் போய்விடும். 2002இல் வந்த ரூபி, சஃபையர் ஆட்டங்களுக்குப் பழைய கேசட்டுகளிலிருந்து எதையும் கொண்டுபோக முடியவில்லை. ஆகவே முதல் தலைமுறைக் குழந்தைகளின் மூலப் போக்கிமான்களில் மிகப்பல இன்று எங்கும் இல்லை. அலமாரியிலிருந்து எடுத்த கேசட்டில் ‘புதிய ஆட்டம்’ என்ற வரி மட்டும் வருவதைப் பார்ப்பதுதான் இந்தத் தலைமுறைக்குக் கிடைத்த மிக நேர்மையான நினைவேக்க அனுபவம்.

விற்பனைக்கு வரும் ஏக்கம் இதைத் தாங்காது. 2004இல் சிவப்பும் பச்சையும் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் என மறுஆக்கம் பெற்றன. லாரி வதந்தியை நம்பியவர்களுக்காக அந்த இடத்தில் ஒரு தின்பண்டம் வைக்கப்பட்டிருந்தது. நகைச்சுவைதான், அழகானதும்கூட. ஆனால் தேடியவனுக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது, வதந்தி அத்தோடு முடிந்தது. 2009இல் வந்த ஹார்ட்கோல்டு, சோல்சில்வர் ஆட்டங்களை இந்தத் தொடரின் சிறந்தவற்றில் வைப்பேன். ஆனால் அவற்றில் விரிடியன் காடு மறுபடி முளைத்திருக்கிறது. ரசிகர்கள் அதைக் கொண்டாடினர். மூன்று ஆண்டுகளில் காணாமல் போன காடு என்ற கசப்பு அதோடு காணாமல் போனது.

2016இல் போக்கிமான் கோ பெரும்பாலும் முதல் தலைமுறை உயிரினங்களை மட்டும் வைத்துக்கொண்டு உலகத்தைத் தெருவில் இறக்கியது. காலால் நடந்து தேடுவது என்ற வகையில் தஜிரியின் பூச்சி வேட்டைக்கு இதுவே மிக அருகில் வந்தது. பூங்காக்களில் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொண்டதையும் மறுக்க முடியாது. ஆயினும் வெளியானபோது அதில் பரிமாற்றம் என்பதே இல்லை. 2018 ஜூனில்தான் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டின் லெட்ஸ் கோ ஆட்டங்கள் காண்டோவைப் பளபளப்பாக மீட்டன. காட்டு உயிரினத்தோடு மோதிக் களைப்படைய வைக்கும் பழைய பதற்றத்தை எடுத்துவிட்டுப் பந்து எறிவதை மட்டும் வைத்துக்கொண்டன.

கேபிளின் கதையும் இப்படித்தான். 2004இல் அது கம்பியில்லா இணைப்பானது, இருவரும் ஒரே அறையில் இருந்தாக வேண்டும் என்பது அப்போதும் தொடர்ந்தது. 2006இன் டைமண்ட், பேர்ல் ஆட்டங்களில் இணையவழிப் பரிமாற்றம் வந்தது. 2013இன் எக்ஸ், ஒய் ஆட்டங்களில் முகம் தெரியாத ஒருவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அனுப்பி, அவர் தருவதை வாங்கிக்கொள்ளலாம். நண்பர்கள் அருகில் இல்லாத குழந்தைக்கு இது பெரிய கொடை என்பதில் ஐயமில்லை. 2022இல் வெளியான லெஜண்ட்ஸ் ஆர்சியஸ் ஆட்டத்தில் ஒரு புதிய பொருள் இருக்கிறது. அதன் பெயர் லிங்க்கிங் கார்ட், அதாவது இணைக்கும் கயிறு. கடையில் புள்ளிகள் கொடுத்து வாங்கலாம். பையைத் திறந்து ஹாண்டரின் மேல் பயன்படுத்தினால் யாரிடமும் கொடுக்காமலேயே அது கெங்காராகிவிடும்.