வெட்டிய பிறகும் பேசுகிற தலை

இஸபெலா மாவைப் பிசைந்து, மேசை முழுக்க விரித்து, மெல்லிய துணிபோல இழுத்துக்கொண்டே போகிறாள். ஸ்ட்ரூடல் செய்கிறாள். கேமராவுக்கு அவசரமே இல்லை. பார்க்கிற நமக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது, ஏன்னா அவள் செத்துவிட்டாள் என்று ஏற்கெனவே தெரியும். கிணற்றிலிருந்து உடலை எடுத்ததையும், பிணவறை மேசையில் கிடத்தியதையும் இயக்குநர் முன்னாலேயே காட்டிவிட்டார்.

துஷான் மகவேயெவின் 1967ஆம் ஆண்டுப் படம் இது. ‘காதல் விவகாரம், அல்லது தபால் தந்தி ஊழியையின் துயரம்’ என்று செர்பிய மொழியில் பெயர். கதையென்று பார்த்தால் தினத்தாளில் நாலு வரி. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்க்கும் ஹங்கேரியப் பெண், எலி ஒழிக்கும் சுகாதார ஊழியன் அஹ்மெத், ஒரு காதல், ஒரு கிணறு. இதற்கு நடுவே பாலியல் அறிஞர் ஒருவர் நம்மைப் பார்த்துப் பாடம் எடுக்கிறார். குற்றவியல் நிபுணர் வந்து கொலை பற்றி விளக்குகிறார். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும், இஸபெலாவைத் தவிர. அறிவு பேசும்போதெல்லாம் அவள் இன்னும் கொஞ்சம் பிணமாகிறாள், மாவு இழுக்கும்போது திரும்ப உயிர் பெறுகிறாள். படத்தொகுப்பை வைத்து இவ்வளவு துக்கத்தை உண்டாக்கிய படம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மகவேயெவ் பெல்கிரேடில் 1932இல் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் படித்தது உளவியல். குறும்படம், ஆவணப்படம் என்று சுற்றி, 1965இல் ‘மனிதன் பறவை அல்ல’ எடுத்தார். போர் நகரத்துச் செப்புச் சுரங்கமும் பீத்தோவனும் ஒரு ஹிப்னாடிசக்காரனும் வருகிற படம். யூகோஸ்லாவியாவில் அப்போது கிளம்பியிருந்த ‘கறுப்பு அலை’யில் அவரையும் சேர்த்தார்கள். பட்டம் பாராட்டாகக் கிடைத்ததல்ல, கட்சிப் பத்திரிகை வைத்த வசைப்பெயர்.

அவர் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது ‘காக்கப்படாத அப்பாவித்தனம்’ (1968). பாதிப் படம் அவர் எடுத்ததே இல்லை. நாஜி ஆக்கிரமிப்பில் கிடந்த பெல்கிரேடில், 1942இல், த்ராகொல்யுப் அலெக்சிச் என்ற சாகசக்காரர் தன்னையே நாயகனாகப் போட்டு ஒரு காதல் படம் எடுத்தார். இரும்புக் கம்பியைப் பல்லால் வளைக்கிற ஆள், நடிப்பு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை! மகவேயெவ் அந்தப் படத்தை எடுத்து, இடையிடையே ஆக்கிரமிப்புக் காலச் செய்திப்படங்களை வெட்டிச் சேர்த்தார். சில சட்டகங்களுக்குக் கையால் வண்ணம் பூசினார். 1968இல் உயிரோடிருந்த அதே நடிகர்களைக் கூட்டி வந்து பேசவும் வைத்தார். கேலி செய்ய எல்லா வசதியும் இருந்தது. செய்யவில்லை. நகரம் இடிந்து கிடக்கும்போது ஒருத்தன் அசட்டுக் காதல் படம் எடுத்தது கோழைத்தனமா, துணிச்சலா? இரண்டுக்கும் சாட்சி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

பிறகு ‘டபிள்யூ.ஆர்.: உயிரியின் மர்மங்கள்’ (1971). தலைப்பிலிருக்கும் வில்ஹெல்ம் ரைக், பாலியல் விடுதலை பேசிய உளப்பகுப்பாய்வாளர். நாஜிகளுக்கும் ஆகாதவர், கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஆகாதவர். சுதந்திர தேசமான அமெரிக்காவிலேயே அவர் புத்தகங்கள் நீதிமன்ற உத்தரவின்பேரில் எரிக்கப்பட்டன. 1957இல் அங்கே சிறையில் இறந்தார். இந்தப் படம் யூகோஸ்லாவியாவில் 1980களின் பிற்பகுதிவரை திரையேறவில்லை. மகவேயெவ் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. ‘பிளாஸ்டிக் யேசு’ எடுத்த லாசர் ஸ்தொயானொவிச்சுக்கு ஜெயிலே கிடைத்தது.

தடை வாங்கிய கலைஞர் என்பதற்காக எல்லாவற்றையும் மன்னிக்கத் தோன்றும். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. விடுதலை பற்றிய இந்தப் படங்களில் விலை கொடுப்பது யார்? இஸபெலா கிணற்றில். மிலெனாவின் தலை, சோவியத் பனிச்சறுக்கு வீரனின் சறுக்குக் காலணியால் துண்டிக்கப்படுகிறது. 1967இல் படத்துக்கு இது தெரிந்திருந்தது, பிணவறை மேசையை நாம் மறக்கவே விடவில்லை. 1974இல் வந்த ‘ஸ்வீட் மூவி’யில் அந்தத் தெளிவு போய்விட்டது. நாயகி கரோல் லோர் படப்பிடிப்பின் நடுவிலேயே வெளியேறினார். நடித்ததற்காக ஆன்னா ப்ருச்னால் சொந்த நாடான போலந்துக்குள் பல ஆண்டுகள் நுழைய முடியவில்லை. காத்தின் படுகொலைப் புதைகுழிகளின் அசல் காட்சிகளை சாக்லேட், சர்க்கரைக் கும்மாளத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். இஸபெலாவுக்குக் காட்டிய பொறுமையில் கால்வாசிகூட அந்தப் பிணங்களுக்கு இல்லை. அதிர்ச்சி கொடுப்பதே குறியாகிவிட்டது.

அப்புறம் ‘மான்டினீக்ரோ’, ‘கோகோ கோலா கிட்’ என்று வெளிநாட்டுப் படங்கள். சுவாரசியமானவைதான், ஆனால் பல் போய்விட்டது. 2019 ஜனவரியில் பெல்கிரேடிலேயே இறந்தார்.

அந்த மிலெனாவின் தலை மட்டும் இன்னும் போகவில்லை. பிரேதப் பரிசோதனைக் கூடத்தில், வெள்ளைத் தட்டில் இருந்தபடி பேசுகிறது. தன் கம்யூனிஸ்ட் கடந்தகாலத்துக்காக இப்போதும் வெட்கப்படவில்லை என்கிறது. மிலெனா த்ராவிச் அதைச் சொல்லும் முகத்தைப் பாருங்கள், நக்கலா நிஜமா என்று கடைசிவரை பிடிபடாது.